என் உள்ளங்கையில் ஏறிய மலை

அவலூர்பேட்டையில் ஒரு கல்யாண வீட்டுக்கு மருதாணி போடப் போன என் மகளுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். மணப்பெண்ணின் ஒரு கை பாதி முடிந்திருந்தது. பெண்ணின் அத்தை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது? செல்போன்ல பாத்து ஊரே போடற மாங்கா, பூவு. இதுக்கா செஞ்சியிலேர்ந்து வந்த?" என்றவள், மணப்பெண்ணிடம் திரும்பி, "நீ போய் கழுவிட்டு வாடி. திண்டிவனத்து ஆளக் கூப்புட்டுக்கலாம்," என்றாள்.

எங்கள் கண்ணெதிரிலேயே அந்தப் பெண் கையைக் கழுவினாள். பச்சைக் குழம்பு தண்ணீரோடு வழிந்தோடியது.

வீட்டுக்கு வந்ததும் மகள், வாசலில் தொங்கிய மருதாணி போர்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். இனி மருதாணிக் கோனையே தொடமாட்டாளோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவள் மொட்டை மாடிக்குப் போனால் நானும் பின்னாலேயே போய், காய்ந்த துணியையே மறுபடி உதறிக்கொண்டிருப்பேன். அவள் எதிரே தெரியும் செஞ்சிக் கோட்டை மலையையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். நான் அந்த அத்தையை வாய்க்கு வந்தபடி திட்டுவேன்.

"வுடும்மா, அவங்க சொன்னது சரிதான்," என்றாள் ஒருநாள். "ஊரே போடறதத்தான் நானும் போட்டேன். கையக் குடு."

கோனை எடுத்து என் உள்ளங்கையில் வரைய ஆரம்பித்தவளிடம், என்ன வரைகிறாள் என்று பார்க்கக் கையைத் திருப்பினேன்.

"ஆட்டாதம்மா. மல சரிஞ்சிடப் போவுது."

பூ இல்லை, மாங்காய் இல்லை. உருண்டைப் பாறைகள். ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, ஒன்றை ஒன்று தாங்கி, விரல் நுனிவரை ஏறின. இடுக்குகளில் பொடிப்பொடியாய்ச் செடிகள். பிறந்தது முதல் அந்த மலையடியில்தான் இருக்கிறேன். எந்த இரண்டு கல்லும் ஒரே மாதிரி இல்லை என்பதை என் கையில்தான் பார்த்தேன். மூச்சு விடவும் தயக்கமாக இருந்தது.

மறுநாள் நன்றாகச் சிவந்திருந்தது. வளையல் வாங்கப் போன இடத்தில், மாட்டிவிடக் கையைப் பிடித்த கடைக்காரம்மா விடவே இல்லை.

"யக்கா, நம்ம மலையா இது? யாரு போட்டாங்க?"

"எம் பொண்ணு."

"மருமவளுக்கு வளகாப்பு வருது. இதேதான் வேணும், சொல்லிடுங்க."

ஓடி வந்து சொன்னேன். மகள் சிரித்தாள்.

"இதேவா? இது உன்னுது. அவங்களுக்கு வேற போடுவேன்."

"இது வேணும்னுதானடி கேட்டாங்க! புடிக்கலன்னு அவங்களும் கழுவிட்டா?"

"கழுவட்டும். அப்புறம் இன்னொண்ணு போடுவேன்."

கட்டிலுக்கு அடியிலிருந்து போர்டை இழுத்துத் தாவணியால் தூசி தட்டினாள். வாசலில் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். நான் இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆட்டாதம்மா," என்றாள் மேலேயிருந்து.