மார்கழிக்கு முன்னால் காய்ச்சிய பால்

நான் பத்தாவது வரைதான் படித்தவன். நாலு பேர் எதிரில் பேசவே கூச்சப்படுகிற ஆள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விருத்தாசலத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். வீடு காலி செய்கிற வழக்குகள்தான் அவரிடம் அதிகம். வீட்டுக்காரருக்கும் ஆஜராவார், குடியிருப்பவருக்கும் ஆஜராவார். "கேஸ் முடிஞ்சிடுச்சி சார்" என்று நான் கேஸ் கட்டை எடுத்து வைக்கப் போனால், "சாமான் போய் எறங்கிடுச்சா?" என்று கேட்பார். இறங்கியது தெரிந்த பிறகுதான் அவருக்குக் கேஸ் முடியும்.

வக்கீல் சார் முதல் செல்போன் வாங்கிய வருஷம் அது. பீங்கான் சூளையில் வேலை செய்த ஒருவருக்காக ஆஜரானோம். அவர் மனைவி வீட்டிலேயே பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவார். வீட்டுக்காரர் மகனுக்குத் தை மாதம் கல்யாணம். வீடு அவர்களுக்கே வேண்டும். மறுக்க வழியில்லை. சார் அவகாசம் மட்டும் கேட்டார். டிசம்பர் கடைசி வரை கிடைத்தது. தாண்டினால் கோர்ட்டு அமீனா வந்து சாமானைத் தெருவில் எடுத்து வைப்பார்.

சார் சந்தோஷமாகத்தான் வெளியே வந்தார். அந்தம்மா கும்பிட்டுவிட்டு, "ஏங்கய்யா, அது மார்கழி ஆச்சுங்களே?" என்றார்.

சார் என்னைப் பார்த்தார். நான் கோர்ட்டு வாசல் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"மார்கழில யாருங்க வூடு மாறுவாங்க? பொண்ணு தலைப்பிரசவத்துக்கு தையில வருது. பால் காய்ச்சாத வூட்டுல அத எப்படிங்க படுக்க வைப்பேன்?"

"பெரிய வக்கீலுன்னு பேரு. காலண்டர் பாக்கத் தெரியல" என்று சார் வீட்டம்மாவும் அன்று சாப்பாடு போடும்போது சொன்னார்களாம். சார்தான் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

கார்த்திகையிலேயே மாறலாம் என்றால், பார்த்து வைத்திருந்த வீட்டில் ஒரு வாத்தியார் குடும்பம் இருந்தது. வேப்பூருக்கு மாற்றலாகியிருந்தவர், அரைப்பரீட்சை லீவு விட்ட பிறகுதான் கிளம்புவார். அதுவும் மார்கழிதான். சார் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். முன்னாடியே காலி செய்ய முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

வாத்தியார் மனைவி சிரித்துவிட்டார். "எங்களுக்கும் அதே மார்கழிதானே சார். போன வாரமே வேப்பூர் போயி பால் காய்ச்சிட்டு வந்துட்டோம். இனி எப்ப வேணா சாமான் ஏத்தலாம். அவங்களையும் இங்க வந்து காய்ச்சிட்டுப் போகச் சொல்லுங்க."

"நீங்க குடியிருக்கும்போதேவா?"

"ஒரு மணி நேரம் நாங்க வெளிய இருந்துக்கறோம். அதுக்கென்ன?"

கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் அது நடந்தது. விடிந்ததும் வாத்தியாரும் நானும் கேஸ் அடுப்பைத் தூக்கிப் பின்கட்டில் வைத்தோம். சமையலறையைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டு வாத்தியார் குடும்பம் தெருவில் போய் நின்றது. அந்தம்மா தன் அடுப்போடும் பானையோடும் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். பால் பொங்கியது. வெளியே வந்து வாத்தியார் மனைவியின் கையைப் பிடித்து, "வாங்கக்கா, வாங்க. எங்க வூட்டுக்கு மொத மொத வந்திருக்கீங்க, உள்ள வாங்க" என்றார்.

"ஆமாம்மா, ரொம்ப நாளா வரணும் வரணும்னு இருந்தேன்" என்று அவரும் புதுசாக வருகிறவர் மாதிரி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "வூடு நல்லா இருக்குது. காத்து வருதா?"

வாத்தியார் தன் நாற்காலியிலேயே விருந்தாளியாகக் கூச்சத்தோடு உட்கார்ந்தார். சார் பாலைக் குடித்துவிட்டு, "சக்கர கொஞ்சம் கம்மி" என்றார். "வக்கீலுக்கு அது போதும்" என்றார் அந்தம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

லீவு விட்டது. வாத்தியார் சாமான் வேப்பூருக்குப் போன அன்றே இவர்கள் சாமான் வந்து இறங்கியது. பொம்மைகளை வைக்கோல் போட்டு ஆட்டோவில் என் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஒன்றும் உடையவில்லை.

மறுநாள் பழைய வீட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தோம். சார் கட்டை மூடச் சொன்னார்.