பரவாயில்லை என்றொரு பொத்தான்

உள்ளறையிலிருந்து மறுபடியும் அந்தச் சத்தம். முதலில் இருமல், பிறகு விசில் போல ஓர் இழுப்பு, கடைசியில் இன்ஹேலரின் 'புஸ்'. ஜோடியக்கா கையிலிருந்த தட்டை சிங்க்கில் போட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

"இன்னும் நிக்கலையா?" என்றார் கணவர். பஸ் டிரைவரான அவர், மாலை ஷிஃப்டுக்குப் போக ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இல்ல."

"தரகு வேலை பார்த்தா இப்படித்தான். ஜோடி சரியில்லன்னா பொண்ணு நேரா தரகர் வீட்டுக்கே வந்துடும்."

மற்ற நாளாக இருந்தால் அவளும் சுடச்சுட ஒன்று திருப்பிக் கொடுத்திருப்பாள். இன்று உதடு துடித்தது. அதைப் பார்த்துவிட்டார் அவர். "சரி சரி, வாயை மூடிக்கிறேன்" என்று கிளம்பினார்.

ஜோடியக்கா என்பது ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் வைத்த பெயர். பகலில் பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜை அவளுக்கு. மிச்ச நேரமெல்லாம் அவள் உயிர் ஓர் ஆப்பில்தான். அறையைப் பங்கிட்டுக்கொள்ள ஆள் தேடுபவர்களுக்கு ஒத்துப்போகிற துணையைக் காட்டும் ஆப். அவளே கற்றுக்கொண்டு, அவளே வடிவமைத்தது.

அவளும் ஒரு காலத்தில் புதியவள்தானே! முன்பின் தெரியாத ஒருத்தியோடு ஒரே அறையில் இருந்தாள். அந்தப் பெண்ணுக்கு ராத்திரி ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். இவளுக்கோ குளிர் ஆகாது. கோட்டைப் போட்டுக்கொண்டு, போர்வைக்குள் சத்தம் வராமல் அழுதாளே தவிர, "ஜன்னலைக் கொஞ்சம் சாத்தேன்" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன்னைப் போல இன்னொருத்தி அழக்கூடாது என்றுதான் இந்த ஆப்.

ஜன்னல் திறந்திருக்கலாமா, தூங்கும்போது விளக்கு எரியலாமா, வீட்டில் பூனை இருக்கலாமா என்று வரிசையாகக் கேட்கும் அது. ஒவ்வொன்றுக்கும் மூன்று பொத்தான்கள். ஒரு பக்கம் 'பிடிக்கும்', மறுபக்கம் 'பிடிக்காது', நடுவில் 'பரவாயில்லை'. நடுப் பொத்தான் அவள் ஆசையாகச் சேர்த்தது. புதிதாக வந்தவர்கள் பாவம், பிடிக்காது என்று பட்டென்று சொல்லக் கூசுவார்களே என்ற கரிசனம். 'பரவாயில்லை' என்று அழுத்தினால் ஆப் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும்.

ஆஸ்பத்திரி லாண்டரி வேலைக்கு வந்த, இப்போது உள்ளறையில் இருமிக்கொண்டிருக்கும் பெண் எல்லாக் கேள்விக்கும் 'பரவாயில்லை' என்றே அழுத்தியிருந்தாள். அதனால் எல்லாரோடும் பொருந்தினாள். தங்கமான பொண்ணு என்று ஜோடியக்கா பூரித்துப்போனாள். பேக்கரியில் கேக்குக்குப் பூ வைக்கும் ஓர் அம்மாளோடு அவளைச் சேர்த்து வைத்தாள். அந்த அம்மாள் எதையும் மறைக்கவில்லை. 'பூனை உண்டு, என் கட்டிலில்தான் தூங்கும்' என்று முதல் வரியிலேயே போட்டிருந்தாள்.

நேற்று லாண்டரியில், ஈரப் போர்வைகளுக்கு நடுவே, அந்தப் பெண் மூச்சு முட்டி விழுந்தாள். பூனை முடிதான் காரணம். இனி அந்த வீட்டில் இருந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாரைக் கூப்பிட என்று கேட்டபோது அவள் சொன்னது ஜோடியக்காவின் நம்பர். இந்த ஊரில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஜோடியக்கா உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பூனை ஆகாதுன்னு உனக்குத் தெரியும்தானே? அப்புறம் ஏன்டி அதை அழுத்தின?"

"ஆகாதுன்னு போட்டா யாருக்கா என்னைச் சேத்துப்பாங்க?" என்றாள் பெண். "நாளைக்கு அங்கேயே போயிடறேன். உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு? பரவாயில்லக்கா."

கத்தியால் குத்தியது போலிருந்தது அந்தச் சொல். எத்தனை பேர் இப்படி அழுத்தியிருப்பார்கள்! எத்தனை அறைகளில், எத்தனை போர்வைகளுக்குள்! ஜோடியக்கா லேப்டாப்பைத் திறந்து, நடுப் பொத்தானை ஒவ்வொரு கேள்வியிலிருந்தும் அழிக்கத் தொடங்கினாள்.

அழைப்பு மணி அடித்தது.

பேக்கரி அம்மாள்தான். ஒரு கையில் கேக் பெட்டி, மறு கையில் அந்தப் பெண் விட்டுவந்த ஸ்வெட்டர், துவைத்து மடித்தது.

"பூனை பரவாயில்லைன்னு உங்க ஆப் சொல்லுச்சா இல்லையாம்மா? நான் ஏதாவது மறைச்சேனா?"

"இல்லம்மா. தப்பு என்னோடது."

"தப்பு யாரோடதுன்னு கேக்க வரல." குரல் சட்டென்று இறங்கியது. அந்தப் பெண் அறை வாசலுக்கு வந்திருந்தாள். "வாடி, போகலாம். அந்தக் கழுதையைச் சமையலறையிலயே அடைச்சு வைக்கிறேன். நீ வந்தப்புறம்தான் வீட்டுல பேச்சுச் சத்தமே கேட்டுச்சு. பூனை என்ன, பதிலா பேசப்போகுது?"

பெண்ணின் உதடுகள் 'ப' என்று சொல்லக் கூடின. வேண்டாம் என்று ஜோடியக்கா கத்தலாம். ஆனால் இந்தப் பெண்ணுக்காக இன்னொரு முறையும் தானே பதில் சொல்வதா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கூடிய உதடுகள் பிரிந்தன.

"முடியாது பெரியம்மா." அழுகையும் இழுப்பும் சேர்ந்து வந்தன. "பூனை எனக்கு ஆகாது. முதல் நாளே சொல்லியிருக்கணும்."

அம்மாள் அவளைப் பார்த்தபடியே கேக் பெட்டியை மேஜையில் வைத்தாள். ஸ்வெட்டரை நீட்டப்போனவள் அதில் ஒட்டியிருந்த வெள்ளை முடிகளைப் பார்த்துவிட்டு, தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"புதுசு வாங்கிக்கோ. மூச்சை வாயால இழுக்காதே, மூக்கால இழு."

வாசற்கதவு வரை கூடவே போனாள் ஜோடியக்கா. "நீங்க தனியா இருப்பீங்களேம்மா?"

அம்மாள் ஸ்வெட்டரின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பரவாயில்லம்மா."

அவளே வெளியிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.