கொடுக்கிற ஆம்பிளை

மகளின் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் கணவரின் தமையன் அதே நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பியர்பொன்ட்ஸிலிருந்து எங்கள் அப்பார்ட்மெண்டுக்கு வந்தார். கணவர் இறந்து ஒன்பது வருடமாகியிருந்தது. அவ்வளவு காலமும் நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு கேக்கைத் தந்துவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலோடு திரும்புகிறவர், அன்றைக்குச் சோபாவின் நடுவில் சாய்ந்திருந்தார். மாப்பிள்ளையின் தாயும் சுவீடனிலிருந்து வந்து பக்கத்தில் இருந்தார்.

"கோயிலுக்குள்ளை பீடத்தடிமட்டும் பிள்ளையை நான்தான் கூட்டிக்கொண்டு போவன். தகப்பன் ஸ்தானம்," என்றார் தமையன்.

"அவள் என்னோடை நடக்கப்போறன் எண்டவள், அண்ணை." என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"பகிடி விடாதை பிள்ளை. சனம் சிரிக்கும்."

சம்பந்தியம்மாவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். "வெள்ளைக்காரரிட்டையும் இது இருந்ததுதானே. சுவீடிஷிலை யிஃப்துமான் எண்டு ஒரு பழைய சொல். குடுக்கிறது எண்ட சொல்லிலையிருந்து வந்தது. பொம்பிளையைக் கலியாணத்திலை குடுக்கிற உரிமை உள்ள ஆம்பிளை."

"பாத்தியோ," என்று தமையன் தேத்தண்ணியை உறிஞ்சினார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பள்ளிக்கூடக் கூட்டங்களில் விளங்காத பிரெஞ்சுக்குத் தலையாட்டிக்கொண்டு இருந்தவள் நான். அவளுக்கு அப்பென்டிக்ஸ் வெட்டியபோது ஆஸ்பத்திரியில் கையெழுத்து வைத்தவள் நான். அப்போதெல்லாம் இந்தத் தகப்பன் ஸ்தானம் எங்கே போயிருந்தது?

"தகப்பன் செத்தால் ஆர் குடுக்கிறது, அக்கா?" என்று கேட்டேன்.

சம்பந்தியம்மா யோசித்துச் சொன்னார். "பழைய சட்டத்திலை தாய் குடுக்கலாம் எண்டுதான் படிச்ச ஞாபகம். ஆனால் கிட்டடிச் சொந்தத்திட்டை யோசனை கேக்கவேணும்."

"கேக்கவேணும். நீ கேட்டியோ?" என்றார் தமையன்.

"இப்ப கேக்கிறன், அண்ணை. பிள்ளை என்ன படிச்சவள்?"

"அது... கம்பியூட்டர்தானே."

"நேர்ஸிங்."

மகள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னை ஒருத்தரும் குடுக்கத் தேவையில்லை, பெரியப்பா. நான் என்ன நத்தார் கேக்கோ? அம்மா சும்மா பக்கத்திலை நடந்தால் போதும்."

அவர் தேத்தண்ணியை மிச்சம் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

கல்யாணத்தன்று நான்தான் அவளோடு நடந்தேன். என் பிள்ளையோடு நடக்க ஏதோ ஒரு நாட்டுப் பழைய சட்டத்தைத் துணைக்குக் கேட்டேனே என்ற ஆத்திரம் அப்போதும் அடங்கவில்லை. சனம் சிரித்ததா என்று தெரியாது. நான் நிமிரவேயில்லை. நிமிர்ந்திருந்தால் முன்வரிசையில் இருந்த தமையனுடைய முகத்தைப் பார்த்திருப்பேன். கோயிலுக்குள் சொல்லக்கூடாததைச் சொல்லியிருப்பேன்.