பிளவக்கல் வளைவில் மூன்றாவது ஆள்

செய்தி வந்தபோது மணி பதினொன்று இருபது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தான் வேலை பார்க்கும் பள்ளியின் அலுவலகத்தில் நாகஜோதி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் அடையாள அட்டைகளை லேமினேட் செய்துகொண்டிருந்தாள். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் முத்துக்குமரன் பேசினான்.

"ஜோதி, உன் மதினி போயிட்டாட்டி."

இயந்திரத்துக்குள் பாதி போயிருந்த அட்டை முழுதாக வெளியே வரும்வரை நாகஜோதி அப்படியே நின்றாள். பிறகு லீவு சொல்லிவிட்டு மம்சாபுரத்துக்கு பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான்: இனி அதை மதினியிடம் சொல்ல முடியாது.

மதினி மாரிக்கனி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பதினாறு வருடம் வேலை பார்த்தாள். பெரும்பாலும் இரவு ஷிப்ட். மில் வேன் ஊர் ஊராகச் சுற்றி ஆள் ஏற்றும் என்பதால் மம்சாபுரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடும். சைக்கிளில் போனால் அந்த நேரம் தூங்கலாம். அவள் சைக்கிள் மிதிக்கத் தொடங்கியது அந்தத் தூக்கத்துக்காகத்தான். ஏழெட்டு கிலோமீட்டர் போக, ஏழெட்டு கிலோமீட்டர் வர. கல்யாணமாகி வந்த மறுவருடம் தொடங்கியது, மகள் பிறந்து எட்டாவது மாதத்தில் மறுபடியும் தொடர்ந்தது. பஞ்சுத்தூசி ஒட்டிய தலையோடு விடியலில் திரும்பி வந்து, சோறு வடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வாசல் கதவைப் பாதி சாத்திப் படுப்பாள். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம்தான் அவளுக்குத் தாலாட்டு என்று முத்துக்குமரன் கேலி செய்வான்.

இரண்டு வருடம் முன்னால் மில் கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பெண்களுக்கான சைக்கிள் சாலைப் போட்டி. வத்திராயிருப்பில் தொடங்கி, பிளவக்கல் அணை வரை மேடும் பள்ளமுமாக ஏறித் திரும்பி வரவேண்டும். இப்படி இரண்டு சுற்று. முதல் மூன்று பேர் மாவட்ட அணியில் சேர்ந்து மாநிலப் போட்டிக்குக் குன்னூர் போகலாம். மாரிக்கனி மேனேஜரிடம் போய்க் கேட்டாள். மில் பெயர் போட்ட பனியனோடு மாவட்ட அணிக்குத் தேர்வானால், பயிற்சிக்காக அவளைப் பகல் ஷிப்டுக்கு மாற்றித் தருவதாக அவர் சொன்னார்.

"குன்னூர் கெடக்கட்டும், ஜோதி. பகல் ஷிப்டு தாராகளாம்ல. ராத்திரி தூங்கலாம்ட்டி. மனுசர் மாதிரி ராத்திரி தூங்கலாம்."

முப்பத்து நாலு வயதுக்காரியின் ஆசை அவ்வளவுதான். அதற்காக மூன்று மாதம் மிதித்தாள். வாடகைக்கு எடுத்த கியர் சைக்கிளில், மில்லிலிருந்து நேராக வீட்டுக்கு வராமல், அய்யனார் கோவில் ரோட்டில் மலையடிவரை போய்த் திரும்பினாள். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட முடியாமல் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிடுவாள்.

போட்டியன்று நாகஜோதி ஸ்கூட்டியில் போய், அணைக்குக் கீழே ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் வளைவில் நின்றாள். முன்னால் எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணி மதினிக்குச் சொல்வது அவள் வேலை. மாரிக்கனி திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள்: "எம்புட்டுப் பேர் முன்னால இருக்காவன்னு மட்டும் சொல்லு. மூணுக்குள்ள இருந்தா எறக்கத்துல உசுரக் குடுத்து விரட்ட மாட்டேன். விழுந்தா பிள்ளைக்கு யாரு?"

அதே ரோட்டில் பள்ளி மாணவிகளின் போட்டியும் நடந்தது. அவர்கள் வேறு நிறப் பனியன் போட்டிருந்தாலும், புழுதியில் எல்லா நிறமும் ஒன்றாகத் தெரிந்தது. ஆடுகளையும் பைக்குகளையும் விலக்கிவிட, போட்டி நடத்தியவர்களின் பையன்கள் சிலரும் சைக்கிளில் முன்னே போய் வந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டாவது சுற்றில், வளைவில் முதலில் ஒருத்தி வந்தாள். பிறகு ஒருத்தி. அடுத்து ஒரு பையன் போனான். தலையை ஒட்ட வெட்டியிருந்தான், கறுப்புக் கண்ணாடி, ஒடிசலான தோள். வழி விலக்கும் பையன்களில் ஒருவன் என்று நினைத்து நாகஜோதி அவனைக் கணக்கில் சேர்க்கவில்லை. முப்பது அடி பின்னால் மாரிக்கனி வந்தாள். முகம் கறுத்து, வாய் திறந்து, ஆனால் கால் நிற்காமல்.

"மதினி, நீங்கதான் மூணு! பின்னால யாரும் இல்ல! பிரேக்கப் புடிச்சு மெதுவாப் போங்க!"

மாரிக்கனி தலையாட்டினாள். பிரேக்கைப் பிடித்தாள். அவள் முகத்தில் அந்த நேரம் வந்த நிம்மதியை நாகஜோதி நன்றாகப் பார்த்தாள்.

முடிவில் மைக்கில் பெயர் வாசித்தார்கள். மூன்றாமிடம் ஷெரின். மேடையேறி வந்தது தலையை ஒட்ட வெட்டிய அந்தப் 'பையன்'. மாரிக்கனி நான்காவது.

"ஏட்டி, மூணுன்னியே?"

மாரிக்கனி கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவளுக்குக் கோபப்படத் தெம்பில்லை. மேடைக்கு முதுகு காட்டி, ரோட்டோரம் காலை நீட்டி உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் திருகிக்கொண்டிருந்தாள்.

"அப்ப மூணுதான் மதினி. எறக்கத்துல யாரும் தாண்டலையா?"

மாரிக்கனி யோசித்தாள். "ஒருத்தி தாண்டினா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைன்னுல்லா நெனச்சேன்."

"அவளாத்தான் இருக்கும்."

ஷெரின் வளைவிலேயே முன்னால் போய்விட்டதால், இறக்கத்தில் தாண்டியவள் பள்ளிப் பிள்ளைதான் என்பது நாகஜோதிக்குத் தெரியும். ஆனால் சொல் வாயை விட்டுப் போய்விட்டது. மாரிக்கனி நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆளு யாருன்னு பாக்காம வழி விட்டுருக்கேன் பாரு, கழுத!"

மேனேஜர் மூன்றாமிடம் என்றால் மூன்றாமிடம்தான் என்றார். இரவு ஷிப்ட் தொடர்ந்தது. வழிவிட்ட கதையை மாரிக்கனியே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள், மில் கேன்டீனில், கல்யாண வீடுகளில், நாகஜோதியின் எதிரிலும். ஒவ்வொரு முறையும் நாகஜோதி இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். கதை முடிந்து எல்லோரும் சிரித்த பிறகு சொல்ல இடம் இருக்காது.

இந்த ஐப்பசியில் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனாள் மாரிக்கனி. நாலாம் நாள் சைக்கிளில் ஏற முடியவில்லை. டெங்கு என்றார்கள். மதுரைக்குக் கொண்டுபோய் ஐந்தாம் நாள் போன் வந்துவிட்டது.

சாயங்காலம் உடல் வந்தது. மில் பெண்கள் வேனில் வந்து இறங்கினார்கள். அழுது ஓய்ந்த பிறகு, அவளோடு வேலை பார்த்த வெள்ளத்தாய் மூக்கைச் சிந்தியபடி ஆரம்பித்தாள்: "அன்னைக்கு மட்டும் இவ வழி விடாம இருந்திருந்தா..." இரண்டொருவர் தலையாட்டினார்கள். நாகஜோதி எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். அங்கே முத்துக்குமரன் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

"அண்ணே, மதினி யாருக்கும் வழி விடல. நாந்தான் தப்பா எண்ணிட்டேன். முன்னால போன பிள்ளைய ஆம்பளப் பையன்னு நெனச்சிட்டேன். கேட்டப்பவும் மறைச்சிட்டேன்."

அவன் முகத்தைத் துண்டால் துடைத்தான்.

"அவகிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"சரி. போ, பாப்பா சாப்பிட்டாளான்னு பாரு. காலையில இருந்து ஒண்ணும் திங்கல."

அவ்வளவுதான் அவன் சொன்னது. அவள் போய்ப் பிள்ளைக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். ஆறு வாய் சாப்பிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாகஜோதி வேலைக்குத் திரும்பினாள். அலுவலக மேசை இழுப்பறையில் இந்த வருடப் போட்டிக்கான விண்ணப்பம் இருந்தது. காய்ச்சலுக்கு முந்தின வாரம் மாரிக்கனி கொடுத்தது. "நீயே நிரப்பிரு, எனக்குக் கட்டத்துக்குள்ள எழுத வராது" என்றாள். ஒரு கட்டத்தை மட்டும், ஞாயிற்றுக்கிழமை மதினியை எதிரில் உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லிவிட்டு எழுதலாம் என்று நாகஜோதி விட்டுவைத்திருந்தாள். பெயர், வயது, ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் எல்லாம் எழுதியிருந்தது. முந்தைய போட்டியில் பெற்ற இடம் என்ற கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.