ரூபி அக்காவின் ‘நோ சேர்’ வகுப்பு

ரூபி அக்கா போய்விட்டார்.

காலையில் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன். கேகாலை பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே... ஹார்ட் அட்டாக்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரூபி அக்காவும் நானும் ஒரே காலேஜில் இங்லிஷ் படிப்பிக்கிறோம்.

படிப்பித்தோம்.

அவர் யாழ்ப்பாணம். நான் எஹலியகொடைப் பக்கம் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. ஸ்டாஃப் ரூமில் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு மற்ற மிஸ்மார், “ரெண்டு பேரும் பேசுறது ஒரே பாஷைதானா?” என்று சிரிப்பார்கள்.

எங்கள் பிள்ளைகள் ஸ்கூல் முழுக்க இங்லிஷ் படித்துவிட்டு வந்தவர்கள்தான். ஆனால் வாய் திறக்க மாட்டார்கள். கேட்டால், “லஜ்ஜயி மிஸ்.” வெட்கமாம்.

அந்த வெட்கம் இந்த மிஸ்ஸுக்கும் உண்டு என்பது ரூபி அக்கா ஒருவருக்குத்தான் தெரியும். இதை இங்கே எழுதவே கூசுகிறது...

போன வருஷம் என் மகளுக்குக் கடும் காய்ச்சல். அவளைத் தூக்கிக்கொண்டு டவுனில் ஒரு டொக்டரிடம் ஓடினேன். அவர் சிங்களத்தில்தான் ஆரம்பித்தார். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பேச்சோடு பேச்சாக என்ன வேலை என்று கேட்டார். இங்லிஷ் டீச்சர் என்றேன்.

அவருக்குச் சந்தோஷம். உடனே இங்லிஷுக்கு மாறிவிட்டார்.

அவ்வளவுதான். என் கால் இரண்டும் தானாக ஒட்டிக்கொண்டன. தலை குனிந்துவிட்டது. தோட்டத்து ஆபீஸில் தொரைக்கு முன்னால் அப்பா நிற்பாரே, அந்த நிலை.

தொரை இங்லிஷில் என்ன கேட்டாலும் அப்பாவிடம் ஒரே பதில்தான். லயத்து வீடுகளில் எல்லாம் சரியா என்று கேட்பார். “யெஸ் சேர்.” எங்கள் கூரை அப்போதும் ஒழுகிக்கொண்டிருக்கும்.

வீட்டிலேயே காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டீர்களா என்று டொக்டர் கேட்டார்.

“யெஸ் சேர்.”

நான் கொடுக்கவில்லை. சின்னப் பிள்ளை, அளவு கூடிவிடுமோ என்ற பயத்தில் போத்தலைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேனே தவிர, கொடுக்கவே இல்லை. அவர் கேட்டது விளங்காமலும் இல்லை. எல்லாம் விளங்கியது. வாய்தான் அப்பாவின் வாயாக இருந்தது.

கொடுத்தாயிற்று என்று நினைத்து அவர்கள் மருந்து கொடுக்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். காய்ச்சல் ஏறி மகளுக்கு வலிப்பு வந்தது. என் மடியிலேயே.

நர்ஸ் ஓடி வந்து சிங்களத்தில் கேட்டார், “மொனவத துன்னே?” என்ன கொடுத்தாய் என்று. ஒன்றுமே கொடுக்கவில்லை என்று அப்போதுதான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை...

மகள் பிழைத்துக்கொண்டாள். இப்போது ஓடித் திரிகிறாள். ஆனாலும் அவள் தும்மினால்கூட ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

வீட்டில்கூட முழுதாகச் சொல்லவில்லை. ரூபி அக்காவிடம் மட்டும் சொன்னேன். “இங்லிஷ் மிஸ்ஸுன்னு சொல்லவே வெக்கமா இருக்குக்கா. வேலைய விட்டுரலாம்னு பாக்குறேன்.”

அவர் ஆறுதல் சொல்லவில்லை. “பிள்ளைக்கு இப்ப எப்பிடி?” என்று கேட்டார். பிறகு, “சரி, அழுதது காணும். நாளைக்கு என்ர வகுப்பில வந்து இரும்” என்றார்.

மறுநாள் வகுப்பில் மேசைக்குப் பின்னால் ரூபி அக்கா பெரிய ஆள் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு நேரம் பொலிஸ், ஒரு நேரம் பேங்க் மெனேஜர். வேண்டுமென்றே எல்லாவற்றையும் பிழையாகக் கேட்பார். முன்னால் வருகிறவர் “நோ சேர்” சொல்லி, சரியானதைச் சொல்ல வேண்டும். அதுதான் பாடம்.

அரநாயக்க ஊர்ப் பையன் ஒருவன் முதலில் வந்தான். உனக்குக் கல்யாணமாகி ஆறு பிள்ளையாமே என்று அக்கா இங்லிஷில் கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, “யெஸ் சேர்.”

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. “அடேய், பிள்ளையளுக்குப் பால்மா வேண்ட வேணுமே, கடைக்கு ஓடு!” என்றார் அக்கா.

பிறகு, “நெக்ஸ்ட், மிஸ்” என்று என்னைக் கூப்பிட்டார். பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால்.

போய் நின்றேன். இப்போது அவர் டொக்டர். அதே கேள்வி.

கால் ஒட்டிக்கொண்டது. ‘யெஸ்’ தொண்டை வரை வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நோ சேர். ஐ டிட் நொட் கிவ். ஐ வொஸ் அஃப்ரெய்ட்.”

“லவ்டர் ப்ளீஸ். நர்ஸ் தூரத்தில நிக்கிறா.”

சத்தமாகச் சொன்னேன். ஏன் மிஸ்ஸின் கண் கலங்கியது என்று தெரியாமலே பிள்ளைகள் கை தட்டினார்கள். வேலையை விடும் பேச்சை அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை.

இன்று மத்தியானம் பிரின்சிபல் போனில் கோல் எடுத்தார். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் முன் நாளைக் காலையில் அக்காவைக் கொஞ்ச நேரம் காலேஜில் வைப்பார்களாம். இங்லிஷ் மிஸ் அல்லவா, அதனால் நான் இங்லிஷில் நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

“யெஸ் சேர்” என்றேன்.

போனை வைத்த பிறகுதான் விளங்கியது... மறுபடியும் அதே வாய். மறுபடியும் அதே வெட்கம்.

“நீ இங்லிஷ் மிஸ்தானே, இதுக்கு எதுக்கு இப்படிப் பதறுற?” என்கிறார் வீட்டுக்காரர். அவருக்கு எப்படிச் சொல்வது?

முடியாது சேர் என்று சொல்ல இரண்டு தரம் போனை எடுத்தேன். அப்படிச் சொல்லப் பழக்கியதே நீங்கள்தானே அக்கா... இந்த ஒன்றுக்கு மட்டும் ‘நோ’ வரவில்லை.

மகள் தூங்கிவிட்டாள். எழுதி வைத்த இங்லிஷ் இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. அதனால்தான் இதைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்கு உங்க பக்கத்துல வந்து நிப்பேன்க்கா. காலு ஒட்டிக்கிட்டாலும் நிப்பேன்.

நர்ஸ் தூரத்துல நிக்கிறாங்கன்னு நெனச்சுக்கிட்டு சத்தமாவே பேசுறேன்.

போயிட்டு வாங்கக்கா.