பனியன் நாடாவில் கட்டிய பெட்டி

வண்டி ஓட்டுகிற ஆண்களிடம் எது இல்லாவிட்டாலும் யோசனை இருக்கும். பெட்ரோல் இருக்காது, லைசென்ஸ் இருக்காது, முன் பிரேக் பிடிக்காது. ஆனால் அடுத்தவன் டயரைப் பார்த்து உதட்டைப் பிதுக்க மட்டும் மறக்கமாட்டார்கள். மங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பஞ்சர் கடை இருந்தது. பஞ்சர் ஒட்ட வருகிறவர்களைவிடப் புத்தி சொல்ல வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். பதினோரு வயதில் எனக்கு அவர்கள் மேல் வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. அதில் பெரும்பகுதி அவர்களுக்குச் சேர வேண்டியதே இல்லை என்று தெரிந்த பிறகும் அடங்கவில்லை.

மழைக்காலத்தில் காற்றைக் குறைத்து வை என்பார் ஒருவர். குறைத்தால் டயரின் ஓரம் தேய்ந்துவிடும், ஏற்றி வை என்பார் அடுத்தவர். செருப்புக் காலோடு கியர் மாற்றினால் விரல் போய்விடும், ஷூதான் போட வேண்டும் என்று வெறுங்காலோடு நிற்கும் ஒருவர் சொல்வார். பாதி வழியில் பஞ்சரானால் டயருக்குள் பனியன் கம்பெனி வேஸ்ட் துணியைத் திணித்து மெதுவாக ஓட்டி வந்துவிடலாம் என்று இன்னொருவர் சத்தியம் செய்வார். அப்படி ஓட்டி வந்து அவர் தன் வண்டி ரிம்மையே கோணலாக்கிக்கொண்ட கதையைக் கடைக்காரர்தான், அவர் போன பிறகு, எங்களுக்குச் சொல்வார்.

அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்காத ஒரே ஆள் என் அப்பா. அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் பின்னால் லேத் பட்டறையில் சொல்லிச் செய்த இரண்டு சக்கர ட்ரெய்லர். துணி ரோல்களையும் வெட்டிய பீஸ் மூட்டைகளையும் ஒரு பனியன் கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குக் கொண்டு சேர்ப்பதுதான் அவருடைய பிழைப்பு. யார் என்ன சொன்னாலும் ‘செரீங்க’ என்பார். காற்றைக் குறை என்றாலும் செரீங்க, கூட்டு என்றாலும் செரீங்க. பிறகு தன் இஷ்டப்படி ஓட்டிக்கொண்டு போய்விடுவார். வீட்டிலும் அதே கதைதான். அம்மா சொன்னதை மறுத்து அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

சுமை கட்டுவது என்ற ஒரே விஷயத்தில்தான் அப்பாவுக்கு ரோஷம் வரும். எங்கள் பக்கம் பனியன் துணி வேஸ்ட் குப்பையாகக் கிடக்கும். நீளமாக ஒரு பட்டை வெட்டி இழுத்தால் அது தானாகவே சுருண்டு நாடா ஆகிவிடும். சும்மா கிடைக்கிறது என்பதால் ஆட்டைக் கட்டுவதும் அதில்தான், கேட்டைக் கட்டுவதும் அதில்தான். ஆனால் ஓடுகிற வண்டியில் சுமையை அதில் கட்டினால் தொலைந்தது. கட்டும்போது இறுக்கமாகத்தான் இருக்கும். வண்டி குலுங்கக் குலுங்க நாடா இழுபட்டு நெகிழ்ந்துவிடும். ஒருமுறை பஞ்சர் கடை முன்னால் ஒரு பையன் நாடாவில் மூட்டை கட்டுவதைப் பார்த்துவிட்டு, அப்பா ரோட்டைத் தாண்டிப் போய் அவனைப் பிடித்துக்கொண்டார்.

“பனியன் துணி இழுத்த இழுப்புக்கெல்லாம் வருமுங்க தம்பி, கடைசில ஏமாத்திப்போடும். வண்டிக்குன்னா நைலான் கவுறுதானுங்க.”

அவ்வளவு நீளமாக அவர் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. பேசியதோடு நிற்காமல், தன் வண்டியின் சைடு பெட்டியில் எப்போதும் சுருண்டு கிடக்கும் நீல நைலான் கயிற்றை எடுத்து, அந்த மூட்டையை அவரே கட்டிக்கொடுத்தார்.

அந்த வருஷம் கொமரலிங்கத்தைத் தாண்டி இருந்த ஒரு விடுதிப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு எனக்கு இடம் கிடைத்தது. விண்ணப்பம் வாங்கியது, நிரப்பியது, பரீட்சைக்குக் கூட்டிப்போனது எல்லாம் அம்மா. அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டு ஒவ்வொரு பீஸையும் விரித்துப் பார்த்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். எங்கே பிசகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மகள் அந்த மேசைக்கு வந்து நிற்கக்கூடாது என்பது அவள் பிடிவாதம். அப்பாவிடம் சொன்னபோது அவர் வழக்கம்போல ‘செரி’ என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் வந்து சேர வேண்டும், வராவிட்டால் பட்டியலில் அடுத்திருக்கும் பிள்ளைக்கு இடம் போய்விடும் என்று பள்ளிக் கடிதத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. அந்த அடிக்கோட்டைத் தினமும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துக்கொள்வேன். எனக்கு உயிரே அந்தப் பள்ளியில்தான் இருந்தது. தகரப் பெட்டியில் என் பெயரை அம்மா பெயிண்டில் எழுதியிருந்தாள். என் பெயர் எழுதிய முதல் பொருள் அது.

ஞாயிறு காலையில் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கம்பெனியில் ஷிப்மென்ட் நேரம். ஏழு மணிக்கு அப்பா பெட்டியையும் மெத்தையையும் பிளாஸ்டிக் வாளியையும் ட்ரெய்லரில் ஏற்றிப் பனியன் நாடாவால் கட்டிக்கொண்டிருந்தார். கயிறு என்ன ஆச்சு என்று அம்மா கேட்டாள். சனிக்கிழமை ஒரு கம்பெனியில் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டதாக அப்பா சொன்னார். மேலே கேட்பதற்குள் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. அம்மா என் தலையைத் தடவி, “நேரத்துக்குப் போயிரு கண்ணு” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நேரத்துக்குப் போவதா? எதிர்ப் பஞ்சர் கடையைத் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. காற்றுப் பார்க்க வேண்டும் என்று அப்பாவே வண்டியை அங்கே நிறுத்தினார். எழுபது கிலோமீட்டர் போகிறோம் என்றதும் பெரிய மனிதர்களெல்லாம் சூழ்ந்துகொண்டார்கள். ட்ரெய்லர் டயரில் காற்றுப் போதாது என்றார் ஒருவர். அப்பா ஏற்றினார். வெயிலில் வெடித்துவிடும் என்றார் இன்னொருவர். அப்பா இறக்கினார். எனக்கு ஹெல்மெட் இல்லாததை ஒருவர் கண்டுபிடித்தார். கடைக்குள் கிடந்த ஒரு பழைய ஹெல்மெட்டைக் கொண்டுவந்து, என் தலைக்கு அது ஆடியதும், உள்ளே பனியன் வேஸ்டைத் திணித்து மாட்டிவிட்டார்கள். கிரீஸ் நாற்றம் குமட்டியது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆட்டுக்குட்டிக்கு மணி கட்டுவதுபோல மாட்டினார்கள். தன் இஷ்டப்படி போகிற அப்பா அன்றைக்குப் பார்த்து ஒவ்வொருவர் சொன்னதையும் சொன்னபடியே செய்துகொண்டிருந்தார். “நேரமாச்சுங்கப்பா” என்று நான் முனகியது ஹெல்மெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

பல்லடம் தாண்டினால் வேகமாகப் போய்விடலாம் என்று நினைத்தேன். உடுமலை ரோட்டில் ஒரு பேக்கரி முன்னால் அப்பா டீ குடிக்க நிறுத்தினார். அங்கே திருப்பூரிலிருந்து மூணாறுக்குக் கிளம்பிய நாலைந்து பேர் பெரிய பெரிய பைக்குகளோடு நின்றிருந்தார்கள். தோல் ஜாக்கெட், கையுறை, முழங்காலுக்குக் கவசம் என்று சண்டைக்குக் கிளம்பியவர்களைப்போல இருந்தார்கள். முன்பின் தெரியாதவரிடம் மணி கூடக் கேட்காத என் அப்பா, அவர்களிடம் போய் டயரைப் பற்றிக் கேட்டார். கேட்டதுதான் தாமதம். ட்யூப்லெஸ் டயருக்கும் ட்யூப் டயருக்கும் என்ன வித்தியாசம், ட்ரெய்லரில் பாரத்தை ஏன் சக்கரத்துக்கு மேலே வைக்க வேண்டும், பின்னால் வைத்தால் வண்டி எப்படி வாலை ஆட்டும் என்று பாடம் நடந்தது. அவர்களில் தாடி வைத்த ஒருவர் என் தாடையைப் பிடித்து ஹெல்மெட் வாரை இறுக்கிவிட்டு, எப்போதும் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத்தான் விட வேண்டும் என்றார். அவர் விரலைக் கடித்துவிடலாமா என்று இருந்தது.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது மணி ஒன்பதரை. காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. குடிமங்கலத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் பெட்டி ரோட்டில் வாய் பிளந்து கிடக்கிறது. யூனிபார்ம், தட்டு, டம்ளர், நோட்டுகள் எல்லாம் சிதறிக் கிடந்தன. தேங்காய் எண்ணெய் பாட்டில் உடைந்து பாவாடைகளில் ஊறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அதே மூணாறு கூட்டம் பின்னாலேயே வந்து நின்றது. அம்மா பொட்டலமாகச் சுற்றி அடியில் வைத்திருந்த என் உள்ளாடைகளைக் கையுறை போட்ட ஓர் ஆள் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார். செத்துப்போகலாம்போல இருந்தது எனக்கு.

தாடிக்காரர் நாடாவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தன் வண்டியிலிருந்து கொக்கி வைத்த பெல்ட் ஒன்றை எடுத்து நீட்டினார். “இதப் போடுங்கண்ணா. இந்தத் துணி நிக்காதுங்க” என்றார்.

“இருக்கட்டுங்க, இதே போதுமுங்க” என்றார் அப்பா.

எனக்கு அடக்க முடியவில்லை. நீங்கள் நிறுத்தி வைத்துப் பேசியதால்தான் இவ்வளவும், உங்களை யார் கேட்டது, பேசாமல் போங்கள் என்று அந்த மனிதரைப் பார்த்துக் கத்தினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். இன்று நானும் தினமும் வண்டி ஓட்டுகிறேன். வாரில் இரண்டு விரல் இடம் விடுகிறேன், பாரத்தைச் சக்கரத்துக்கு மேலேதான் வைக்கிறேன். அந்த ஆள் அன்றைக்குச் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஊர், பேர் எதுவும் தெரியாது.

அப்பா அதே நாடாவை எடுத்து, நிதானமாக, முடிச்சு முடிச்சாகப் போட்டுக் கட்டினார். உடுமலை தாண்டியதும் பெட்டி இன்னொரு முறை விழுந்தது. பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது மணி ஒன்றேகால்.

அலுவலகத்தில் இருந்த பெண்மணி ஒருவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பன்னிரண்டரை வரை பார்த்துவிட்டு, காலையிலிருந்து வாசலில் காத்திருந்த ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டோம் என்று வருத்தத்தோடுதான் சொன்னார். அப்பா கெஞ்சுவார், பெட்டி விழுந்த கதையைச் சொல்வார், என் எண்ணெய்ப் பாவாடையையாவது காட்டுவார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ‘செரீங்க’ என்றார். அவ்வளவுதான். வெளியே வந்து என்னை வேப்ப மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, பெட்டியை மறுபடி கட்டப் போனார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் பஞ்சர் கடைப் பெரிய மனிதர்களையும் மூணாறு கூட்டத்தையும் ஒவ்வொருவராக நினைத்துத் திட்டிக்கொண்டே அழுதேன். அப்பா எங்கேயும் நிறுத்தவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எத்தனை வேகத்தடை வந்தும் பெட்டி இம்மிகூட அசையவில்லை. நீல நைலான் கயிற்றால் அதைக் கட்டியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும், அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றப் பல வருஷம் பிடித்தது. இதைச் சொன்னபோது என் கணவர், “அது பாசம், ஒரே பொண்ணு, அனுப்ப மனசு வரல” என்றார். பாசமாம். வேண்டாம் என்று அப்பா வாய் திறந்து சொல்லியிருந்தால் அம்மா சண்டை போட்டிருப்பாள், நான் சோறு தின்னாமல் கிடந்திருப்பேன், யாராவது ஒருவர் ஜெயித்திருப்பார். எங்களுக்கு அந்தச் சண்டையைக்கூட அவர் கொடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் செரி சொல்லிவிட்டு, எது நெகிழும் என்று ஊருக்கே சொன்ன மனிதர், அதையே எடுத்துக் கட்டினார். மங்கலத்துப் பள்ளியில் படித்து நானும் ஆளாகித்தான் இருக்கிறேன். அதனால் அவர் செய்தது சரியாகிவிடாது.

நாங்கள் வீடு வந்தபோது அம்மா வேலை முடிந்து வந்து வாசலில் நின்றிருந்தாள். ட்ரெய்லரில் பெட்டியைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, நசுங்கிய பெட்டியை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பீஸை விரித்து வைத்துப் பார்க்கிற அதே பார்வை. பார்வை கயிற்றில் வந்து நின்றது.

“ஏனுங்க, போறப்ப இந்தக் கவுறு எங்க இருந்துச்சுங்க?” என்றாள்.

அப்பா வண்டி ஸ்டாண்டைப் போட்டார். போட்ட ஸ்டாண்டை மறுபடி எடுத்து, மறுபடி போட்டார். அம்மா இன்னொரு முறை, அதே குரலில், அதையே கேட்டாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். நாள் முழுக்க நான் பட்ட பாடு என்ன, பாவாடை போனதென்ன, ரோட்டில் மானம் போனதென்ன. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“என்ற பள்ளிக்கூடமே போயிருச்சு, நீங்க கவுத்தப் போயிக் கேக்கறீங்களே” என்று அம்மாவைப் பார்த்துக் கத்திக்கொண்டு, அவள் கையை உதறிவிட்டேன். காலையிலிருந்து வெயிலில் வண்டி ஓட்டிக் களைத்து வந்திருக்கும் மனிதரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறாளே என்று இருந்தது. நேராகப் போய் அப்பாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டு, அவர் பக்கத்தில் நின்றேன்.