பேச்சி கை காட்டினாள்

கரமனை உமாசங்கருக்கு ஆபீசில் இரண்டு வேலை. ஒன்று கணக்கு, அதற்குச் சம்பளம் உண்டு. இன்னொன்று, கழக்கூட்டத்துக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளர். அதற்கு ஒரு மஞ்சள் கோட்டு மட்டும். வேறு யாரும் சம்மதிக்காததால் அவர் தலையில் கட்டிய வேலை. மனிதர் என்னவோ அதைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் மாட்டிக்கொள்வார்.

பயங்கரவாதிகள் புகுந்தால் என்ன செய்வது என்று அங்கே அவ்வப்போது ஒத்திகை நடக்கும். பிணமாகக் கிடக்க ஆள் வேண்டுமே, இன்ஜினீயர்கள் தரையில் படுப்பார்களா? பேன்ட்ரியில் டீ போடும் பேச்சியைத்தான் வாசலில் படுக்கச் சொல்வார்கள். தென்காசிப் பக்கத்துக்காரி. சிரிப்பை அடக்க முடியாமல் கையைக் காலை அசைப்பாள். உமாசங்கர் ஜன்னலிலிருந்து உள்ளங்கையைத் தாழ்த்தி, அசையாதே என்று காட்டுவார். உடனே அடங்கிவிடுவாள். முடிந்ததும் எல்லோருக்கும் பிரியாணி.

"செத்ததுக்கு ரெண்டு பொட்டலம் தரணும் சார்" என்பாள்.

அந்த வாரமும் ஒத்திகை உண்டு, என்றைக்கென்று சொல்ல மாட்டோம் என்று மெயில் வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, எதிரே பஸ் நிறுத்தத்தில் படபடவென்று சத்தம். எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். துப்பாக்கியோடு இரண்டு பேர். ஜனங்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். பால் பாக்கெட்டோடு ரோட்டைக் கடந்து வந்த பேச்சியும் விழுந்தாள்.

"சாரே, இது டிரில் தன்னே அல்லே?" என்று ஒத்திகைதானே எனத் தன் மலையாளத்தில் கேட்டாள் பக்கத்து மேஜை ஸ்வப்னா.

"பின்னே? பேச்சி கிடக்கறாளே, பாக்கலியா? போய் வேலையப் பாருங்கோ."

பேச்சி தலையைத் திருப்பி மேலே பார்த்தாள். ஒரு கை மெல்ல உயர்ந்தது. உமாசங்கர் வழக்கம்போல உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார். அவள் கை இறங்கியது. இந்தத் தடவை நன்றாகச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். கொட்டிய பால் சிவக்க ஆரம்பித்த பிறகுதான் ஸ்வப்னா அலறினாள்.

அவருக்கு அழுகை வரவில்லை. போலீஸ் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். சாப்பிட்டார், தூங்கினார், ஆபீஸ் திறந்ததும் வந்து கணக்குப் பார்த்தார். மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல எல்லாம் நடந்தது. "ஒரு தடவை வாய்விட்டு அழுதுடுங்கோளேன்" என்று மனைவி திவ்யலட்சுமி கெஞ்சிப் பார்த்தாள். அழுதால் அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அதை அவர் போலீசிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை.

பேச்சியின் புருஷன் பால்பாண்டி, கட்டட வேலைக்காரன், அவளுடைய பையை வாங்கிப்போக ஒருநாள் வந்தான். இவனிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று உமாசங்கர் எழுந்து போனார்.

அவனே கேட்டான். "நீங்க மேல இருந்து பாத்தியளாமே சார். உடனே போய்ட்டாளா?"

"இல்லப்பா. கை காட்டினா."

"யாருக்கு?"

"எனக்கு."

"நீங்க?"

"நானும் காட்டினேன்."

மீதியைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பால்பாண்டி அவர் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அனாதையாக் கெடந்து செத்தாளோன்னு எனக்கு ஒறக்கமே இல்ல சார். தெரிஞ்ச மொகத்தப் பாத்துக்கிட்டுத்தான் போயிருக்கா. அது போதும்."

உமாசங்கர் மீதியைச் சொல்லாமல் பேச்சியின் பையை எடுத்து அவனிடம் கொடுத்தார். கை ஈரமாக இருந்தது.

சற்று நேரத்தில் எதிரே பஸ் நிறுத்தத்தில் பையோடு நின்ற பால்பாண்டி, ஜன்னலைப் பார்த்துக் கையை உயர்த்தினான். உமாசங்கர் தம் வலது கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் வரும்வரை அவன் கையை இறக்கவில்லை.